நிஸான் ஜிடி-ஆரா, போர்ஷே 911 டர்போவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2007-இல் தொடங்கிய ஒரு போட்டி இன்றுவரை ஓயவில்லை. ஜப்பானின் நிஸான் ஜிடி-ஆர் ஒரு பக்கம், ஜெர்மனியின் போர்ஷே 911 டர்போ மறுபக்கம். காகிதத்தில் உள்ள எண்களை வைத்து வாதிடுவோர் பலர். சாலையிலும் பந்தயத் தடத்திலும் இந்த இரண்டு கார்களும் உண்மையில் எப்படி ஓடின என்பதைத்தான் இங்கே பேசப்போகிறோம்.

எந்தத் தலைமுறைக் கார்களை ஒப்பிடுகிறீர்கள்?

ஆர்35 என்ற குறியீடு கொண்ட ஜிடி-ஆரின் தொடக்கக் கார்களையும், 997 என்ற குறியீடு கொண்ட 911 டர்போவையும். போர்ஷே 2006-இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமானது. ஜிடி-ஆர் 2007 அக்டோபரில் டோக்கியோ கண்காட்சியில் திரை விலக்கப்பட்டு, டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. நிஸானின் தலைமைப் பொறியாளர் கசுதோஷி மிசுனோ 911 டர்போவைத்தான் அளவுகோலாக வைத்துத் தன் காரை உருவாக்கினார். அதனால் இந்த ஒப்பீடு நாமாக இட்டுக்கட்டியதல்ல, ஜிடி-ஆர் பிறக்கும்போதே அதனுடன் பிறந்தது.

காகிதத்தில் என்ன வித்தியாசம்?

ஆற்றலில் வித்தியாசமே இல்லை: இரண்டிலும் 480 குதிரைத்திறன். ஜிடி-ஆரில் 3.8 லிட்டர் வி6 என்ஜின், இரண்டு டர்போ (என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி), 588 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). போர்ஷேயில் 3.6 லிட்டர் என்ஜின், படுக்கைவாட்டில் எதிரெதிராக ஆறு சிலிண்டர்கள், இதிலும் இரண்டு டர்போ, 620 நியூட்டன் மீட்டர் டார்க். ஸ்போர்ட் குரோனோ என்ற கூடுதல் தொகுப்பை வாங்கியிருந்தால், அதிகபட்சம் பத்து விநாடிகளுக்கு அந்த டார்க் 680 வரை ஏறும். இரண்டின் உச்ச வேகமும் மணிக்கு 310 கிலோமீட்டர். இரண்டுமே நான்கு சக்கர இயக்கம் கொண்டவை.

வித்தியாசம் எடையிலும் விலையிலும் இருக்கிறது. ஜிடி-ஆர் 1,740 கிலோ. மேனுவல் கியர் கொண்ட 911 டர்போ 1,585 கிலோ. ஒரு டன்னுக்கு எவ்வளவு குதிரைத்திறன் என்று கணக்கிட்டால் ஜிடி-ஆருக்கு சுமார் 276, போர்ஷேக்கு சுமார் 303 வருகிறது. இந்தக் கணக்கை மட்டும் பார்ப்பவர் போர்ஷேதான் வெல்லும் என்று அடித்துச் சொல்வார். விலையிலோ நிலைமை தலைகீழ். 2008-இல் அமெரிக்காவில் ஜிடி-ஆரின் தொடக்க விலை 69,850 டாலர். 911 டர்போவுக்கு 1,20,000 டாலருக்கு மேல் எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

எடை கூடிய கார் எப்படி வேகமாக ஓட முடியும்?

எல்லோரையும் குழப்பும் கேள்வி இது. விடை நான்கைந்து இடங்களில் சிதறிக் கிடக்கிறது.

முதலாவது கியர்பாக்ஸ். ஜிடி-ஆரில் இரட்டைக் கிளட்ச் கொண்ட ஆறு கியர் பெட்டி. அடுத்த கியர் முன்கூட்டியே தயாராகக் காத்திருக்கும். ஒரு கிளட்ச் விடும்போதே மற்றொன்று பிடித்துக்கொள்ளும். கியர் மாற 0.2 விநாடி போதும் என்றது நிஸான். மேனுவல் போர்ஷேயில் தேர்ந்த ஓட்டுநருக்குக்கூட அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும், அந்த நேரம் முழுவதும் என்ஜினின் இழுப்பு சக்கரங்களுக்குப் போகாது. ஒரு நீண்ட சுற்றில் எத்தனை முறை கியர் மாற்ற வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

இரண்டாவது, எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. ஜிடி-ஆரின் என்ஜின் முன்னால் இருக்கிறது. ஆனால் கியர்பாக்ஸைப் பின் அச்சுக்கே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். ஒரு தண்டு என்ஜினின் சுழற்சியைப் பின்னால் உள்ள கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோகிறது. முன் சக்கரங்களுக்கான பங்கை இரண்டாவது தண்டு மறுபடியும் முன்னால் கொண்டுவருகிறது. சுற்றி வளைத்த வேலைதான், கூடுதல் எடையும்தான். பலன், முன்னும் பின்னும் 53-க்கு 47 என்ற எடைப் பங்கீடு. போர்ஷேயின் என்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால், எடையில் ஏறக்குறைய அறுபது விழுக்காட்டுக்கு மேல் பின்சக்கரங்களின் மீது இருக்கிறது. புறப்படும்போதும் வளைவிலிருந்து வெளியேறும்போதும் இது பெரிய வரம். வளைவுக்குள் நுழையும்போது முன்சக்கரங்கள் லேசாகத் தடுமாறும் என்பதுதான் அதற்குக் கொடுக்கும் விலை.

மூன்றாவது, நான்கு சக்கரங்களுக்கும் இழுப்பைப் பங்கிடும் மின்னணு மூளை. ஜிடி-ஆர் சாதாரணமாகப் பின்சக்கர இயக்கக் காரைப் போல ஓடி, தேவைப்படும்போது பாதி வரை முன்னால் அனுப்பும். ஸ்டீயரிங் எந்தக் கோணத்தில் இருக்கிறது, கார் எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தச் சக்கரம் வழுக்குகிறது என்பதையெல்லாம் ஓயாமல் அளந்து முடிவெடுக்கும். வளைவின் நடுவிலேயே ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் துணிச்சலைச் சராசரி ஓட்டுநருக்கும் கொடுத்தது இதுதான்.

பிறகு டயர். ஜிடி-ஆருக்காகவே தனியாகச் செய்த, காற்று போனாலும் ஓடக்கூடிய 20 அங்குல டயர்கள். நிஸானின் பந்தயக் குழுவை நடத்திய அனுபவம் கொண்ட மிசுனோ, டயர் சாலையைப் பிடிக்க அதன்மீது போதிய சுமை வேண்டும், அதனால் எடையை ஒரு குறையாக மட்டும் பார்க்கக் கூடாது என்று வாதிட்டவர். எடையைக் குறைப்பதே முதல் வேலை என்று நம்பும் பொறியாளர்கள் இதை ஏற்கவில்லை. எனக்கும் இது பாதி உண்மையாகத்தான் படுகிறது. எடை கூடினால் பிடிமானம் கூடுவது உண்மை. ஆனால் எடை கூடிய அதே விகிதத்தில் அது கூடுவதில்லை. பிரேக்கும் டயரும் அந்தப் பாரத்தைச் சுமந்தே தேய்கின்றன.

நூர்பர்க்ரிங் சர்ச்சை என்பது என்ன?

ஜெர்மனியில் ஐஃபெல் மலைப்பகுதியில் இருக்கும் நூர்பர்க்ரிங்கின் வடக்குச் சுற்று 20.8 கிலோமீட்டர் நீளம், 73 வளைவுகள், சுமார் 300 மீட்டர் ஏற்ற இறக்கம் கொண்டது. உலகின் கார் நிறுவனங்கள் தங்கள் காரின் தரத்தை நிரூபிக்க அங்கேதான் போகின்றன. 2007-இல் ஓரளவு ஈரமாக இருந்த தடத்தில் ஜிடி-ஆர் 7 நிமிடம் 38 விநாடியில் சுற்றி முடித்ததாக நிஸான் அறிவித்தது. 2008 ஏப்ரலில், முன்னாள் ஃபார்முலா 1 ஓட்டுநர் தோஷியோ சுசுகி அதை 7 நிமிடம் 29 விநாடியாகக் குறைத்தார்.

போர்ஷேக்கு இது பொறுக்கவில்லை. அதே ஆண்டு, 911 வரிசையின் பொறுப்பாளர் ஆகஸ்ட் ஆக்லைட்னர், தாங்கள் அமெரிக்காவில் ஒரு ஜிடி-ஆரை விலைக்கு வாங்கிவந்து அதே தடத்தில் ஓட்டிப் பார்த்ததாகவும், 7 நிமிடம் 54 விநாடிதான் கிடைத்ததாகவும் சொன்னார். தங்கள் 911 டர்போ 7:38, இன்னும் கூர்மையான ஜிடி2 ரகம் 7:34 என்றும் சேர்த்துச் சொன்னார். விற்பனைக்கு வரும் சாதாரணக் காரால் 7:29 சாத்தியமில்லை என்பதே அவர் சொல்லவந்தது.

நிஸான் அசையவில்லை. தன் கார் சாதாரணக் கார்தான், டயரும் வாடிக்கையாளர் வாங்கக்கூடிய டன்லப் டயர்தான் என்று பதில் சொன்னது.

அப்படியானால் யாரோ ஒருவர் பொய் சொல்லியிருக்க வேண்டுமே?

அவசியமில்லை. 25 விநாடி இடைவெளி பெரிதுதான். சராசரியாக மணிக்கு 160 கிலோமீட்டர் ஓடும் இடத்தில் அது ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். ஆனால் அதையே 73 வளைவுகளுக்குப் பிரித்தால், ஒவ்வொரு வளைவுக்கும் மூன்றில் ஒரு விநாடிதான். காரோடு மாதக்கணக்கில் பழகிய ஓட்டுநருக்கும், வெளியிலிருந்து வந்து அதை ஓட்டிப் பார்ப்பவருக்கும் இடையில் இந்த வித்தியாசம் தாராளமாக வரும். பிரேக் எங்கே பிடிக்க வேண்டும் என்பதில் வரும் சிறு தயக்கமே போதும்.

டயர் ரகம், டயரின் சூடு, தடத்தின் ஈரம், காற்றின் வெப்பநிலை, பெட்ரோலின் ஆக்டேன் (என்ஜின் தட்டாமல் எரியும் தரம்), சக்கரங்களின் கோண அமைப்பு ஆகிய ஒவ்வொன்றும் சில விநாடிகளைத் தின்னும். குளிர்ந்த காற்றில் டர்போ என்ஜின் சிறப்பாக மூச்சுவிடும், வெயிலில் தளரும். அக்காலத்தில் பெரும்பாலான நிறுவனங்கள் தாங்களே ஓட்டி, தாங்களே நேரம் பார்த்து, தாங்களே அறிவித்தன. தடத்தின் நிர்வாகம் அளவிடும் தூரத்தையும் நடைமுறையையும் வரையறுத்து, நேரங்களைச் சான்றளித்து வெளியிடத் தொடங்கியது 2019-இல்தான். 2008-இன் எண்களை இன்றைய எண்களோடு அப்படியே வரிசைப்படுத்துவது நியாயமில்லை.

ஆனாலும் என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். 7:54 என்பது அந்தக் காரின் உண்மையான திறனைக் காட்டும் எண் அல்ல. 7:29 என்பது வாங்கியவர் எவரும் தொடக்கூடிய எண்ணும் அல்ல. இந்த இரண்டில் காரின் திறனுக்கு நெருக்கமானது நிஸானின் எண்தான் என்று நினைக்கிறேன்.

0 முதல் 100 வரையிலான நேரம் ஏன் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது?

அளக்கும் முறை வேறு என்பதால்தான். அமெரிக்கப் பத்திரிகைகள் மணிக்கு 60 மைல் வரை, அதாவது 96.6 கிலோமீட்டர் வரை அளக்கின்றன. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 100 வரை. அது மட்டுமல்ல, அமெரிக்க முறையில் கார் முதல் ஓரடி தூரம் நகர்ந்த பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். இந்த வழக்கம் டிராக் ரேஸ் என்ற நேர்கோட்டுப் பந்தயங்களிலிருந்து வந்தது. முதல் ஓரடி சிறிய தூரமானாலும், நின்ற நிலையிலிருந்து அதைக் கடக்க ஏறக்குறைய கால் விநாடி பிடிக்கும். ஆக, அமெரிக்கப் பத்திரிகையின் 3.3 விநாடியையும் போர்ஷேயின் கையேட்டில் உள்ள 3.9 விநாடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஜிடி-ஆர் 0.6 விநாடி வேகம் என்று சொல்வது தவறு. தங்கள் காரின் வேகத்தைப் போர்ஷே அடக்கியே எழுதும் வழக்கமும் உண்டு.

ஒரே நாளில், ஒரே சாலையில், ஒரே கருவியால் அளந்த எண்களை மட்டும் ஒப்பிடுங்கள். அப்படி அளந்தாலும் நின்ற இடத்திலிருந்து கிளம்புவதில் ஜிடி-ஆர் மேனுவல் போர்ஷேயை முந்தும்.

911 டர்போவில் ஆட்டோமேட்டிக் கியர்தான் மேனுவலைவிட வேகம் என்கிறார்களே?

உண்மைதான். போர்ஷேயின் சொந்தக் கணக்கிலேயே மேனுவலுக்கு 3.9 விநாடி, ஐந்து கியர் டிப்ட்ரானிக் ஆட்டோமேட்டிக்குக்கு 3.7 விநாடி. கியர் மாறும்போது என்ஜினின் இழுப்பு அறுபடாததால் டர்போவின் அழுத்தம் இறங்குவதில்லை. மேனுவலில் ஒவ்வொரு முறையும் கால் எடுக்க வேண்டியிருக்கிறது.

நின்ற இடத்திலிருந்து பாய்ந்து கிளம்ப உதவும் லான்ச் கன்ட்ரோல் ஜிடி-ஆரின் கியர்பாக்ஸை உடைத்துவிடும் என்பது உண்மையா?

முதல் கார்களில் இது நிஜமான பிரச்சினை. வழுக்கலைத் தடுக்கும் மின்னணுப் பாதுகாப்பை அணைத்துவிட்டு, என்ஜினை நிமிடத்துக்குச் சுமார் 4,500 சுழற்சிக்கு ஏற்றி, பிரேக்கை விட்டால் கார் பாய்ந்து கிளம்பும். அத்தனை சுமையும் பின்னால் இருக்கும் கியர்பாக்ஸின் மீது ஒரே அடியாக விழும். அமெரிக்காவில் சில கார்களின் கியர்பாக்ஸ் பழுதானது. பாதுகாப்பை அணைத்து ஓட்டியதால் வந்த சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்று கையேட்டில் எழுதியிருந்ததால் உரிமையாளர்கள் கொதித்தார்கள். பிறகு நிஸான் மென்பொருளை மாற்றி, குறைந்த சுழற்சியில், பாதுகாப்பை அணைக்காமலே கிளம்பும்படி செய்தது.

பத்திரிகைகளில் வந்த அதிவேகத் தொடக்க நேரங்கள் பல பழைய மென்பொருளில் அளந்தவை என்பதை மறந்துவிட வேண்டாம். ஒரு காரின் விலையில் கணிசமான பங்கைக் கியர்பாக்ஸுக்குப் பணயம் வைத்துப் பெற்ற எண்ணை, அன்றாடத் திறன் என்று நான் ஏற்க மாட்டேன்.

சாதாரணச் சாலையில் எது நன்றாக ஓடும்?

இந்தக் கேள்வியில் போர்ஷே முன்னேறுகிறது. 911 டர்போ 4.45 மீட்டர் நீளம், 1.85 மீட்டர் அகலம். ஜிடி-ஆர் அதைவிட இருபது சென்டிமீட்டர் நீளம், நான்கு சென்டிமீட்டருக்கு மேல் அகலம். குறுகலான மலைச்சாலையில் எதிரே லாரி வரும்போது அந்த நான்கு சென்டிமீட்டர் ஓட்டுபவரின் மனத்தில் நாற்பதாகத் தெரியும். ஜிடி-ஆரின் சஸ்பென்ஷனை மென்மையாக்கும் பொத்தான் உண்டு. அதை அழுத்தினாலும் முதல் ஆண்டுக் கார்கள் மோசமான சாலையில் உடம்பை உலுக்கும். மெதுவாக நகரும் போக்குவரத்தில் பின்னாலிருந்து கியர்பாக்ஸின் உறுமலும் தட்டலும் கேட்கும். அது பழுது அல்ல, அந்தக் காரின் இயல்பு.

நெடுஞ்சாலையில் ஒரு வண்டியை முந்த வேண்டும் என்றால் நின்ற இடத்திலிருந்து கிளம்பும் நேரத்தால் பயனில்லை. 80-லிருந்து 120-ஐத் தொட எவ்வளவு நேரம் என்பதே முக்கியம். மேனுவல் 911 டர்போ ஐந்தாம் கியரிலேயே, கியரைத் தொடாமல், இதை 3.8 விநாடியில் செய்யும் என்கிறது போர்ஷே. வெளியேறும் வாயுவால் சுழலும் டர்பைனைச் சுற்றியுள்ள வழிகாட்டி இதழ்கள் தேவைக்கேற்பக் கோணம் மாறும் டர்போ அதில் இருக்கிறது. டீசல் என்ஜின்களில் பரவலாக இருந்த இந்த அமைப்பு, வெளியேறும் வாயு 1,000 டிகிரி வரை சூடாகும் பெட்ரோல் என்ஜினில் தாங்குமா என்ற தயக்கம் இருந்தது. வெப்பத்தைத் தாங்கும் உலோகக் கலவைகளைப் பயன்படுத்திப் போர்ஷே அதைச் சாதித்தது. குறைந்த சுழற்சியிலும் அந்த என்ஜின் சட்டென இழுப்பதற்கு இதுவே காரணம்.

மழையில்?

நான்கு சக்கர இயக்கத்தால் இரண்டுமே நம்பிக்கையாக ஓடும். ஜிடி-ஆரின் மின்னணு மூளை கூடுதல் துணிச்சலைக் கொடுக்கும், ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. அகலமான கோடைக்கால டயர்கள் தேங்கிய நீரில் மிதக்கத் தொடங்கினால் எந்த மூளையாலும் காரைப் பிடிக்க முடியாது. போர்ஷேயின் ஸ்டீயரிங் வழியாகச் சாலையின் நிலை கைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். மழையில் நான் அதைத்தான் நம்புவேன்.

நாள் முழுக்க பந்தயத் தடத்தில் ஓட்டினால் எது தாங்கும்?

முதல் சில சுற்றுகளில் ஜிடி-ஆர் அசத்தும். அதன்பின் 1,740 கிலோ தன் வேலையைக் காட்டும். கியர்பாக்ஸ் எண்ணெயின் சூடு ஏறும். அது எல்லையைத் தாண்டினால் வேகத்தைக் குறைத்து ஆறவிட வேண்டும். ஜிடி-ஆரின் திரையில் எண்ணெய் வெப்பநிலைகளைத் தனித்தனியே காட்டும் பக்கங்கள் இருப்பது அழகுக்காக அல்ல, ஓட்டுநர் அவற்றைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். அந்த டயர்களையும் பிரேக் தட்டுகளையும் மாற்றும் செலவைப் பார்க்கும்போது, காரின் விலையில் மிச்சமானது கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

போர்ஷேயின் என்ஜின் அந்நிறுவனத்தின் ஜிடி1 பந்தயக் காரின் வம்சம். தனி எண்ணெய்த் தொட்டி இருப்பதால் நீண்ட வளைவுகளிலும் எண்ணெய் வற்றாது. ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓட அது தயார். ஒரு சுற்றின் வேகம் ஜிடி-ஆருக்கு, ஒரு நாளின் உழைப்பு போர்ஷேக்கு என்று பிரிப்பேன்.

பிறகு வந்த மாடல்களில் போட்டி எப்படி மாறியது?

போர்ஷே பதில் சொல்லத் தாமதிக்கவில்லை. 2009-இல் அறிமுகமான திருத்திய 911 டர்போவில் 3.8 லிட்டர் புது என்ஜின், 500 குதிரைத்திறன், அதோடு பிடிகே என்ற ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டியும் வந்தது. ஸ்போர்ட் குரோனோவுடன் 100-ஐ எட்ட 3.4 விநாடி. ஜிடி-ஆர் கொடுத்த அழுத்தம் இல்லாமல் இவ்வளவு பெரிய பாய்ச்சல் வந்திருக்காது என்றே நம்புகிறேன்.

நிஸானும் 530, 550, 570 என்று ஆற்றலை ஏற்றிக்கொண்டே போனது. 2013-இல் 600 குதிரைத்திறன் கொண்ட நிஸ்மோ (நிஸானின் பந்தயப் பிரிவு) ரகத்தில் பந்தய ஓட்டுநர் மைக்கேல் க்ரும் நூர்பர்க்ரிங்கில் 7 நிமிடம் 8.679 விநாடியைத் தொட்டார். அந்தக் காரில் பந்தயத் தடத்துக்கான கூடுதல் தொகுப்பு பூட்டப்பட்டிருந்ததால், எது சாதாரணக் கார் என்ற பழைய வாதம் மறுபடி கிளம்பியது. ஆர்35 தயாரிப்பு 2025 ஆகஸ்டில் தோச்சிகி ஆலையில் முடிவுக்கு வந்தது. பதினெட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 48,000 கார்கள்.

இந்தியாவில் ஜிடி-ஆர் விற்றதா?

2016 டிசம்பரில் நிஸான் ஜிடி-ஆரை இங்கே 1.99 கோடி ரூபாய்க்கு, 570 குதிரைத்திறனுடன் அறிமுகம் செய்தது. நம் வெயிலும் பெட்ரோலும் டர்போ என்ஜினுக்கு எதிரிகள். ஆக்டேன் குறைந்தால் என்ஜின் தட்டத் தொடங்கும், அதைத் தவிர்க்கக் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தும், ஆற்றல் குறையும். ஜப்பானில் சாதாரணமாகக் கிடைக்கும் 100 ஆக்டேன் பெட்ரோலை இந்தியன் ஆயில் இங்கே கொண்டுவந்தது 2020 டிசம்பரில்தான். அதுவும் சில நகரங்களில் மட்டும். ஜப்பானியப் பத்திரிகையின் எண்ணை இந்திய நெடுஞ்சாலையில் எதிர்பார்க்க வேண்டாம். வேகத்தடைகளைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

வெளிநாட்டில் வாழ்கிறேன், பழைய காராக ஒன்றை வாங்க விரும்புகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

ஜிடி-ஆர் என்றால் முதலில் கியர்பாக்ஸின் வரலாறு. எண்ணெய் மாற்றிய ரசீதுகள் வரிசையாக இருக்க வேண்டும். என்ஜினுக்கும் பின்னால் கியர்பாக்ஸுக்குப் போகும் தண்டுக்கும் இடையிலுள்ள பெல் ஹவுசிங் என்ற உறையின் பேரிங் தேய்ந்திருந்தால், கார் நின்றிருக்க என்ஜின் மட்டும் ஓடும்போது கலகலவென்ற சத்தம் வரும். சூடான என்ஜினில் கேட்டுப் பாருங்கள். ஆற்றலைக் கூட்டுவதற்காக மென்பொருளை மாற்றியிருக்கிறார்களா என்று தேர்ந்த மெக்கானிக்கிடம் சோதிக்கச் சொல்லுங்கள். ஜிடி-ஆர்களில் இது மிகவும் சாதாரணம். பழைய நிலைக்கு மாற்றிவிட்டு விற்பவர்களும் உண்டு.

997 டர்போ என்றால் 2009-க்கு முந்தைய என்ஜின் உறுதியானது. சாதாரண 911 கார்களைப் பீடித்த, என்ஜினுக்குள் இருக்கும் இடைத்தண்டின் பேரிங் கோளாறு இதில் கிடையாது. ஆனால் குளிர்நீர்க் குழாய்களின் இணைப்புகள் பசையால் ஒட்டப்பட்டவை. ஆண்டுகள் கடந்ததும் பசை விட்டுப்போய், ஓடும்போதே குழாய் கழன்று நீர் முழுவதும் கொட்டிவிடும். அது பின் டயருக்கு அடியில் கொட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த இணைப்புகளைப் பற்றவைத்தோ ஆணியிட்டோ உறுதிப்படுத்தியதற்கு ரசீது இருந்தால் கூடுதல் விலை கொடுக்கலாம். இல்லையென்றால், என்ஜினை வெளியே எடுத்துச் செய்ய வேண்டிய அந்த வேலையின் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.